கருவறைக்குக் காவல் யார்?

கனடாவின் மருத்துவ வரலாற்றில் 1961 டிசம்பருக்கும் 1962 மார்ச்சுக்கும் இடைப்பட்ட மூன்று மாதங்கள் மறக்கத்தகாதவை. கர்ப்பகால வாந்திக்கும் உறக்கமின்மைக்கும் பாதுகாப்பான மருந்தெனக் கூறி விற்கப்பட்ட தலிடோமைட், கை கால் குறைபாடுள்ள குழந்தைகள் பிறப்பதற்குக் காரணமாகின்றது என்ற ஐயம் வலுத்ததும், 1961 நவம்பர் இறுதியில் மேற்கு ஜேர்மனியிலும் டிசம்பர் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. கனடாவிலோ 1962 மார்ச் வரை அது விற்பனையில் இருந்தது. இந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அம்மருந்தின் பாதிப்புடன் பிறந்தனர். மத்திய அரசு அவர்களுக்கு முதன்முதலாக உதவித்தொகை வழங்கியது 1991இல்தான்.

அந்த அனர்த்தம் உலகிற்கு உணர்த்திய உண்மைகள் இரண்டு. தாயின் உடலிற் சேர்வதெல்லாம் கருவை அண்டாதவாறு நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது என்பது ஒன்று. கேடு விளைவது பெரும்பாலும் ஆரம்ப வாரங்களிலேயே என்பது மற்றொன்று. தலிடோமைட் தீங்கிழைத்தது கருத்தரித்த 20ஆம் நாள் முதல் ஏறக்குறைய 36ஆம் நாள் வரையிலான காலத்தில். தான் கர்ப்பவதி என்பதைப் பல பெண்கள் அறியாதிருக்கும் நாட்கள் அவை. ஆகவே, கர்ப்பம் உறுதியான பின்னர் எடுக்கும் முன்னெச்சரிக்கை சில வேளைகளில் காலங்கடந்ததாகிவிடும். பாதுகாப்பு முன்கூட்டியே இருத்தல் வேண்டும்.

இதனை உணர்ந்தே கனடா அரசு 1998இல், வெள்ளைக் கோதுமை மாவில் போலிக் அமிலம் சேர்க்கப்படுவதைக் கட்டாயமாக்கியது. கருவின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கின்றது. அவ்வேளை தாயின் உடலில் இச்சத்துக் குறைவாயிருப்பின் முள்ளந்தண்டு பிளவுற்ற குழந்தை பிறக்கும் ஆபத்து அதிகரிக்கின்றது. மாவிற் சத்துச் சேர்க்கப்பட்டதன் பின், இத்தகைய குறைபாடுகள் 46 வீதத்தால் குறைந்ததாக ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியிட்டது. பெருஞ் சாதனைதான், ஐயமில்லை.

ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருடைய உணவுத் தட்டை நோக்கி வகுக்கப்பட்டது? பாணும் பாஸ்ராவும் உண்பவருடைய தட்டை நோக்கி. மூன்று வேளையும் சோறும், அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் உண்ணும் எமது வீடுகளில் அதன் பயன் முழுமையாகச் சேருமென எதிர்பார்க்க முடியாது. கீரையிலும் பருப்பிலும் இச்சத்து உண்டெனினும் அதை மட்டும் நம்பியிருத்தல் போதாது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதங்கள் முன்பிருந்தே 0.4 மில்லிகிராம் போலிக் அமிலம் அடங்கிய மாத்திரையை நாள்தோறும் எடுக்குமாறு மருத்துவர் கூறுவது எம்மவருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். இதைத் திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளிலேயே சொல்லியாக வேண்டும்.

ஊரிலிருந்து வரும் மருந்துப் பொதிகளையும் இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. நியூயோர்க் நகரில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருக்கக் காணப்பட்டது. அவர்கள் உட்கொண்டவை இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள். எமது பாரம்பரிய வைத்தியத்தைப் பழிப்பது எம் நோக்கமன்று. ஆயினும் பற்பம், செந்தூரம் போன்றவற்றுட் சில உலோகங்களைக் கொண்டு ஆக்கப்படுபவை என்பதை அவ்வைத்தியமே மறைப்பதில்லை. ஈயம் எலும்பிற் படிந்து பல்லாண்டுகள் கிடக்கும். கருவின் எலும்பு வளர்ச்சிக்காகத் தாயின் எலும்பு கல்சியத்தை விட்டுக்கொடுக்கும்போது அதனோடு சேர்ந்து இரத்தத்தில் இறங்கும். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு. கனடா சுகாதாரத் திணைக்களம் அனுமதித்த இயற்கை மருந்துகளின் உறையில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண் இல்லாத சூரணத்தையும் குளிகையையும் எமது கடைக்காரர் விற்காதிருக்கட்டும், கர்ப்பிணிகள் வாங்காதிருக்கட்டும். அதேவேளை, வலிப்பு போன்ற நோய்களுக்கு மருத்துவர் தந்த மருந்தைப் பயத்தினால் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தானதே. மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

கேட்பதற்கும் துணிவு வேண்டியிருக்கின்றது. ரொறொன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் 1985இல் தோன்றிய மதரிஸ்க் நிலையம் கர்ப்பிணிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை வழங்கியது. அதே நிலையத்தின் ஆய்வுகூடம் பெற்றோரின் தலைமயிரைச் சோதித்துப் போதைப்பொருட் பாவனை பற்றிக் கூறிய முடிவுகள் நம்பத்தகாதவை என 2015இல் சுயாதீன விசாரணை தீர்ப்பளித்தது. 1,271 வழக்குகளை ஆராய்ந்த ஆணைக்குழு, அவற்றுள் 56இல் அச்சோதனை பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியதென 2018இல் அறிவித்தது. அதனால் குடும்பங்கள் குலைந்தன. ஆலோசனைத் தொலைபேசியும் 2019இல் நின்றுபோனது. உதவவேண்டிய கை தண்டிக்கும் கையாக மாறினால், தாய்மார் வாய்மூடிக்கொள்வர். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த அச்சம் இன்னும் பன்மடங்கு. வாய்மூடிய தாயின் கருவை எந்த மருத்துவராலும் காக்க முடியாது.

ஊரில் மருத்துவமாது எம் படலையைத் தேடி வந்தார். இங்கு நாமே தேடிச் செல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 1994 முதல் சட்டபூர்வமாகப் பணியாற்றும் மருத்துவிச்சிகளின் சேவை, மாகாணத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சுகாதார அட்டை இல்லாவிடினும் இலவசம் என்பதை எம்மவரிற் பலர் அறியார். அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லுதல் கடன்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கருவுக்கோ தனக்கோ கேடான வேலையிலிருந்து கர்ப்பிணித் தொழிலாளி மாற்றப்படவும், மாற்று வேலை இல்லையெனில் ஊதிய ஈட்டுடன் விலகியிருக்கவும் கியூபெக் மாகாணம் 1979இல் இயற்றிய சட்டத்திலேயே வழிசெய்தது. ஒன்ராறியோவில் அதற்கு நிகரான ஏற்பாடு இல்லை. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை இங்கும் ஏட்டில் உண்டு. ஆனால் சுத்திகரிப்பு இரசாயனங்களுக்கும் வர்ணப்பூச்சுக் கரைசல்களுக்கும் நடுவே, ஒப்பந்த முகவரின் தயவில் மணிக்கூலிக்கு நிற்கும் பெண், வாடகையை எண்ணிப் பார்க்கையில் எந்த உரிமையைப் பேசுவாள்? கியூபெக்கில் இயல்வது ஒன்ராறியோவிலும் இயல வேண்டும். எமது வாக்குகளை நாடி வரும் அரசியல்வாதிகளிடம் இதைக் கேட்போம்.

புகைப்பதை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளும் கணவனும், மருமகளின் பாரத்தைப் பகிரும் மாமியும், மாற்று வேலை தரும் முதலாளியும், சட்டமியற்றும் அரசும் சேர்ந்தே அந்தக் காவல். பிறக்கும் பிள்ளையிற் குறை கண்டால் தாயை மட்டும் கைநீட்டும் வழக்கத்தை நாம் முதலில் விட்டொழிப்போம்.