நம்ம ஆளா, அவங்க ஆளா? தீர்ப்பை எடைபோட ஒரே தராசு வேண்டும்!



2025 டிசம்பர் 26ஆம் தேதி, 1எம்டிபி வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் குற்றவாளி என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து ரந்தாவ் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்களுக்குள் வாக்குவாதம். இருவரும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் சொன்னார், "நஜிப் காலத்தில் நமக்கு நாலு காசு வந்தது, இது பழிவாங்கும் தீர்ப்பு." மற்றவர் சொன்னார், "திருடனுக்கு இது போதாது, இன்னும் போட்டிருக்கணும்." பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "லாயர் தம்பி, நீங்களே சொல்லுங்க. தீர்ப்பு சரியா, தப்பா?"

நான் திருப்பிக் கேட்டேன். "ஐயா, நீதிபதி என்ன காரணம் சொன்னார் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?" இருவரும் சிரித்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. கட்சிக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் இருவரிடமும் இருந்தது.

அந்தப் பெரியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது. நம்ம ஆள் விடுதலையானால் "நீதி வென்றது" என்கிறோம். நம்ம ஆள் உள்ளே போனால் "அரசியல் சதி" என்கிறோம். எதிராளி என்றால் இரண்டையும் மாற்றிச் சொல்கிறோம். இந்த விளையாட்டில் தலைவர்களுக்குப் பெரிய நட்டம் கிடையாது. அவர்களுக்குப் பெரிய வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நட்டம் யாருக்குத் தெரியுமா? லயத்து வீட்டிலும் மலிவு விலை வீட்டிலும் வாழ்கிற நமக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 2007ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராப் பேரணிக்கு முன்பே உதயகுமார், வேதமூர்த்தி, கணபதிராவ் மூவர் மீதும் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு சுமத்தினார்கள். நவம்பர் 26ஆம் தேதி கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 13ஆம் தேதி உதயகுமார், கணபதிராவ், மனோகரன், கெங்காதரன், வசந்தகுமார் ஐவரையும் இசா சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் முகாமுக்கு அனுப்பினார்கள். குற்றச்சாட்டு கிடையாது. விசாரணை கிடையாது. சாட்சி கிடையாது. நீதிமன்றத்தில் வேலை ஆகவில்லை என்றதும் நீதிமன்றத்தையே சுற்றிக்கொண்டு போனார்கள்! ஐவரில் கடைசி மூவர் வெளியே வந்தது 2009 மே மாதத்தில்தான்.

இப்போது நஜிப் வழக்கை அதே தராசில் வையுங்கள். 2018 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட அன்றே அவருக்குப் பிணை கிடைத்தது. எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பான ஏழு குற்றச்சாட்டுகள் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டன. 2020 ஜூலை 28ஆம் தேதி 12 ஆண்டு சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம் என்று தீர்ப்பு வந்த பிறகும் அவர் வெளியில்தான் இருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் போனார். கூட்டரசு நீதிமன்றம் போனார். ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்த 2022 ஆகஸ்டு 23ஆம் தேதிதான் காஜாங் சிறைக்குப் போனார். 2024 ஜனவரியில் மன்னிப்பு வாரியம் 12 ஆண்டை 6 ஆண்டாகவும், 21 கோடி அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது.

அவருக்குப் பிணையும் மேல்முறையீடும் கிடைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கிடைக்கத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். அதே உரிமை தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைக்கிறதா?

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம்ம சிரம்பானிலேயே இருக்கிறது.

2019 அக்டோபர் 10ஆம் தேதி சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் குணசேகரனைப் போலீஸ் பிடித்தது. மலாக்காவில் காடெக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனையும் பிடித்தது. இரண்டு நாளில் மொத்தம் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் தமிழர்கள். விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு தந்தார்கள் என்பது புகார். அந்த இயக்கத்தின் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. பத்து வருடம் கழித்து இங்கே கைது!

எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள்? சொஸ்மா. இசாவுக்குப் பதிலாக 2012இல் பாரிசான் அரசாங்கம் கொண்டுவந்த சட்டம். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் 28 நாள் வரை போலீஸ் வைத்திருக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டிய பிறகு பிணை கிடையாது என்று அதன் 13ஆம் பிரிவு எழுதப்பட்டது. நோயாளிகள், பெண்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் சிறு விலக்கு.

2019இல் ஆட்சியில் இருந்தது யார்? பக்காத்தான் ஹராப்பான். கொடுமையான சட்டங்களை எடுப்போம் என்று சொல்லி 2018இல் நம்மிடம் ஓட்டு வாங்கியவர்கள். பிடிபட்ட சட்டமன்ற உறுப்பினர் இருவரும் அந்த ஆட்சியில் பங்கு வகித்த ஜசெகவைச் சேர்ந்தவர்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது எதிர்த்த சட்டத்தை ஆட்சிக்கு வந்ததும் அப்படியே வைத்திருந்தார்கள். அது அவர்கள் வீட்டுக் கதவையே தட்டியது. சட்டத்துக்குக் கட்சிக் கொடி தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாமிநாதன் தரப்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 நவம்பர் 29ஆம் தேதி நீதிபதி முகமட் நஸ்லான் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தார். பிணை கொடுப்பதா இல்லையா என்று கேட்டு முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த அதிகாரத்தைப் பறிக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு விரோதமானது என்றார். "எல்லாருக்கும் பிணை கொடு" என்று அவர் சொல்லவில்லை. "கேட்காமலே கதவை மூடாதே" என்றார். பிறகு 2020 பிப்ரவரி 21ஆம் தேதி அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ், பன்னிரண்டு பேர் மீதான வழக்கையும் நடத்தப் போவதில்லை என்று அறிவித்தார். குற்றத்தை நிரூபிக்கும் வாய்ப்பு இல்லை என்பது காரணம். கைதுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையில் நான்கு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த நீதிபதி நஸ்லான் யார் தெரியுமா? எட்டு மாதம் கழித்து எஸ்ஆர்சி வழக்கில் நஜிப்புக்குத் தண்டனை கொடுத்தாரே, அதே நஸ்லான்தான்! முதல் தீர்ப்பு அரசாங்கத்துக்குக் கசந்தது. இரண்டாவது அம்னோவுக்குக் கசந்தது. அதன் பிறகு அவர் மீதே ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கியது. அந்த விசாரணையில் உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று 2023 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. நம்மில் எத்தனை பேர் அந்த நீதிபதியை வாட்ஸ்அப்பில் திட்டினோம்? நம்ம பிள்ளைகளின் பிணைக்காகத் தீர்ப்பு எழுதியவர் அவர் என்பது நமக்குத் தெரியுமா?

இன்னொரு கதை, ரந்தாவ் கதை. 2018 ஏப்ரல் 28ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல். கெஅடிலான் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமிடம் நுழைவு அட்டை இல்லை என்று சொல்லி மண்டபத்துக்குள்ளேயே விடவில்லை. முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமையை ரந்தாவ் வாக்காளர்கள் இழந்தார்கள். டாக்டர் ஸ்ரீராம் வழக்குப் போட்டார். தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் தேதி இடைத்தேர்தல். வென்றது யார்? அதே முகமட் ஹசான், 4,510 ஓட்டுப் பெரும்பான்மையில்!

"அப்படியானால் வழக்கு வீண்தானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை ஐயா. நீதிமன்றம் எந்தக் கட்சியையும் ஜெயிக்க வைக்கவில்லை. உங்கள் கையிலிருந்து பிடுங்கிய ஓட்டுச் சீட்டை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. நீதிமன்றத்தின் வேலை அவ்வளவுதான். அது பெரிய வேலை.

"லாயர், நீங்கள் ரொம்ப நல்லவராகப் பேசுகிறீர்கள், வழக்குகளில் அரசியலே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தச் சந்தேகம் பைத்தியக்காரத்தனம் அல்ல. அன்வார் இப்ராஹிம் 2015 பிப்ரவரியில் சிறைக்குப் போனார்; 2018இல் ஆட்சி மாறிய ஒரே வாரத்தில் முழு மன்னிப்புப் பெற்றார். ஸாஹிட் ஹமிடி மீது 47 குற்றச்சாட்டுகள். எதிர்வாதம் செய்யும்படி 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் துணைப்பிரதமரான பிறகு, 2023 செப்டம்பர் 4ஆம் தேதி, அரசுத் தரப்பே வழக்கை நிறுத்தக் கேட்டது. குற்றமற்றவர் என்று சொல்லாமலே நீதிமன்றம் விடுவித்தது. மக்கள் முணுமுணுத்ததில் என்ன தவறு?

ஆனால் கோபத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். வழக்கைத் தொடங்குவதும் நடத்துவதும் நிறுத்துவதும் நீதிபதியின் கையில் இல்லை. அரசியலமைப்பின் 145ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடம் கொடுத்தது. அவரே அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும்கூட. பிரதமரின் ஆலோசனையில் நியமிக்கப்படும் ஒருவர், பிரதமரின் நண்பர் மீதோ எதிரி மீதோ வழக்குப் போடுவதா என்று முடிவு செய்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இந்த இரண்டு வேலையையும் இரண்டு பேரிடம் முழுமையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். நஜிப்பை விடு, ஸாஹிட்டைப் பிடி என்ற கோஷம் நமக்கு எதற்கு?

சில வருடங்களுக்கு முன் பகாவ் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மகனின் ஐசி நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். குண்டர் கும்பல் என்று சொல்லி சொஸ்மாவில் பிடித்திருந்தார்கள். அவர் என்னிடம் கேட்டது, "தம்பி, என் மகன் தப்பு செஞ்சிருந்தா தண்டனை கொடுக்கட்டும். எப்ப விசாரிப்பாங்க?" அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்காக எந்தக் கட்சியும் கூட்டம் போடவில்லை. 2025இல் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே சொஸ்மா கைதிகளின் குடும்பங்கள் உட்கார்ந்து போராடினார்களே, அவர்களும் இந்த அம்மாவைப் போன்றவர்கள்தான்.

ஆகவே சொந்தங்களே, அடுத்த முறை ஒரு தலைவரின் தீர்ப்பு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். குற்றம் என்ன என்று சொல்லி, திறந்த நீதிமன்றத்தில் விசாரித்தார்களா? அவர் தன் பக்கத்தைச் சொல்லவும் மேல்முறையீடு செய்யவும் வழி இருந்ததா? என் மகன் அந்தக் கூண்டில் நின்றால் இதே நடைமுறை அவனுக்கும் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், ஓட்டுக் கேட்டு வருகிற எந்த யுபியையும் அதைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

உங்கள் பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் பதறாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த நிலையம் என்று கேட்டு எழுதி வையுங்கள். சாதாரண வழக்கு என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை, அதாவது ஒய்பிஜிகேயை, உடனே கேளுங்கள். படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

ஒட்டுக்கடைப் பெரியவர்களுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். "ஐயா, நஜிப்புக்குக் கிடைத்த விசாரணை சரியான விசாரணை. அது நம்ம பேரனுக்கும் கிடைக்கணும். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கணும்." தேநீருக்கான காசை அவர்கள் என்னைக் கொடுக்க விடவில்லை.