சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள், பதிவு எண் இருக்காது

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் நம் காலனிச் சுவர்களில் போஸ்டர் ஏறிவிடுகிறது. ஒரே ஆண்டில் நர்ஸ் ஆகலாம், பத்தாவது பெயில் ஆனாலும் பரவாயில்லை, 100% வேலைவாய்ப்பு. கீழே ஒரு செல்போன் எண். ஊரின் மேலத் தெருவில் இந்தப் போஸ்டர் அவ்வளவாக ஒட்டப்படுவதில்லை. யாரைத் தேடி வருகிறோம் என்பது ஒட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் ஒருவர் நர்ஸ் என்று வேலை பார்க்க, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1926ஆம் ஆண்டு மெட்ராஸ் சட்டத்தின் வழியே வந்த அமைப்பு இது. அந்தப் பதிவுக்கு மூன்று வாசல்தான் உண்டு: இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம்., நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். ஏ.என்.எம். பெண்களுக்கு மட்டும், பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், வயது 17 முதல் 35 வரை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கலைப் பிரிவில் படித்தவர்களும் இதில் சேரலாம். சயன்ஸ் குரூப் எடுக்கவில்லையே என்று நம் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவது இதைத் தெரியாததால்தான்.

போஸ்டரில் வரும் 'டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டன்ட்', 'ஹெல்த் அசிஸ்டன்ட்' போன்றவை இந்த மூன்று வாசலில் எதிலும் இல்லை. சான்றிதழில் 'அகில இந்திய' என்று தொடங்கும் ஒரு பெயரும் வட்ட முத்திரையும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு குழுமத்துக்குப் போனால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். உதவியாளர் வேலையே பொய் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு உதவியாளர்கள் வேண்டும், அதற்குப் பயிற்சியும் வேண்டும். உதவியாளர் பயிற்சியை நர்ஸ் படிப்பு என்று விற்பதுதான் மோசடி.

அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று பாருங்கள். நகரத்தில் இருபது முப்பது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோம். வெள்ளைக் கோட்டு தருகிறார்கள். நோயாளிகள் சிஸ்டர் என்கிறார்கள். டிரிப்ஸ் போடுவது, வென்ஃப்ளான் குத்துவது, இரவில் டாக்டர் இல்லாதபோது வார்டைப் பார்ப்பது எல்லாம் அவள்தான். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, நான்கு இலக்கச் சம்பளம். ஆயா வராத நாளில் படுக்கைத் துணி எடுப்பதும் அவள் தலையில்தான் விழுகிறது. பதிவு பெற்ற நர்ஸிடம் அதே வேலையைச் சொல்ல மேலாளர் யோசிப்பார். ஏதாவது தவறு நடந்து போலீஸ் வந்தால் நிர்வாகம் சொல்லும் முதல் வாக்கியம், 'அவங்க நர்ஸே இல்லை, சார்.'

இப்படிப்பட்டவர்களை ஏன் எடுக்கிறார்கள்? கணக்கு எளிது. தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியம் பற்றி 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் குறைந்தது மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் காகிதத்தில்தான் கிடக்கிறது. ஆனாலும் பதிவு உள்ள நர்ஸ் அதைக் காட்டிக் கேட்கலாம், சங்கம் வைக்கலாம். பதிவு இல்லாதவள் எதைக் காட்டுவாள்?

இதில் சாதி எங்கே வருகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். ஏழை என்றால் எல்லோருக்கும் இதே நிலைதானே என்பது அவர் கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். பிரசவம் பார்ப்பதும், தொப்புள்கொடி அறுப்பதும், நஞ்சுக்கொடி புதைப்பதும், தீட்டுத் துணி துவைப்பதும் நம் கிராமங்களில் யார் வேலையாக இருந்தது? சில ஊர்களில் நாவிதர் வீட்டு மருத்துவச்சி, சில ஊர்களில் சேரிப் பெண்கள். புதுச்சேரி அருகே வயல் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் வாழ்ந்த பறையர் பெண் வீரம்மாவின் வாழ்க்கைக் கதை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்திருக்கிறது. நவீன மருத்துவமனை வந்த பிறகும் ரத்தமும் மலமும் அந்நிய ஆண் உடம்பும் தொட வேண்டிய வேலை என்று ஆதிக்கசாதிக் குடும்பங்கள் நர்சிங்கைக் கேவலமாகத்தான் பார்த்தன. ஆரம்பத்தில் அந்த இடத்தை நிரப்பியவர்களில் கிறித்தவப் பெண்கள் அதிகம். பிறகு அதே வேலைக்கு அரசுச் சம்பளம் வந்தது, வளைகுடா விசா வந்தது, லண்டன் வந்தது. தீட்டு என்று ஒதுக்கியவர்களும் வரிசைக்கு வந்தார்கள். வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் தீட்டாக இருந்தவரை நம்முடையதாக இருந்த வேலை, லைசென்ஸும் சம்பளமும் உள்ள தொழிலாக மாறியபோது, லைசென்ஸ் இல்லாத அடித்தட்டு மட்டும் நமக்கு மிஞ்சுகிறது. சாதி வருகிற இடம் அதுதான்.

'நம் பெண்களை மறுபடியும் அடுத்தவர் உடம்பு துடைக்க அனுப்புவதா?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் பெண்கள் ஏற்கெனவே துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதை எந்த உரிமையோடு செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை. கிராம சுகாதார செவிலியராக ஒரு தலித் பெண் வரும்போது, அவர் ஊருக்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரசு அதிகாரத்தோடு நிற்கிறார். கர்ப்பிணியைப் பதிவு செய்வது, ரத்தம் சோதிப்பது, தடுப்பூசி போடுவது அவர் கையில். திண்ணையோடு நிறுத்திப் பேசுகிற வீடுகள் உண்டு என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும். சேரிக்குள் கால் வைக்கத் தயங்கும் செவிலியர்களைப் பார்த்த நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நீட் என்றால் நம் இயக்கங்கள் தெருவுக்கு வருகின்றன. 2017இல் அரியலூர் அனிதாவுக்காக வந்தது சரிதான். ஆனால் 600க்கு 290 வாங்கிய பெண்ணுக்கு யார் வழி சொல்வது? மெடிக்கல் சீட் என்றால் சமூகநீதி, ஏ.என்.எம். சீட் என்றால் 'ஏதோ ஒரு கோர்ஸ்' என்கிற நினைப்பு நம்மிடமும் இருக்கிறது. அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளிகளில் இடங்களைக் கூட்டு என்று நாம் ஒரு மாவட்டத்திலாவது தொடர்ந்து கேட்டிருக்கிறோமா? அரசு இடங்களில்தான் 18% ஒதுக்கீடும் அதற்குள் அருந்ததியர் 3% உள் ஒதுக்கீடும் உயிரோடு இருக்கின்றன.

பணமும் இங்கேதான் வருகிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு, அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் தமிழ்நாட்டில் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். போஸ்டர் கோர்ஸுக்கு இவை எதுவும் கிடையாது. அங்கே கட்டுவது அம்மாவின் தோடும் மகளிர் குழுக் கடனும்.

பதிவு கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய ஆயிரக்கணக்கான நர்சுகள் எல்லோரும் பதிவு பெற்றவர்கள், அரசுத் தேர்வில் வந்தவர்கள். அவர்கள் அப்போது வாங்கியது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ஆனால் அவர்களால் அங்கே உட்கார முடிந்தது. நீங்கள் யார் என்று அரசு கேட்க முடியவில்லை.

இந்த ஜூன் மாதம் ஒவ்வொரு காலனியிலும் இரண்டு பேராவது உட்காருங்கள். சேரப் போகிற நிறுவனத்தின் பெயர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று வீட்டுக்காரர்களோடு சேர்ந்து செல்போனிலேயே பாருங்கள். அங்கீகாரம் உள்ள பள்ளியாக இருந்தாலும் ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டால், அதற்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே ஓராண்டு கோர்ஸ் முடித்து நர்சிங் ஹோமில் இருக்கும் அக்காக்களையும் விட்டுவிடாதீர்கள். பிளஸ் டூ முடித்து, 35 தாண்டாதவர் என்றால் ஏ.என்.எம். வாசல் அவருக்கும் இன்னும் திறந்துதான் இருக்கிறது. பத்தாவதோடு நின்றவர் என்றால் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுத வைப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.