கை வைத்த பிறகு உதறும் வேன்: கடைசியாகத் தொட்ட இடத்தை முதலில் பாருங்கள்

கோபிசெட்டிபாளையம் பகுதியில் இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இந்த இதழுக்கு வந்துள்ளது. அவரிடம் 1998-ம் ஆண்டு மாருதி ஆம்னி வேன் உள்ளது. பெட்ரோலில் ஓடும் கார்பரேட்டர் வண்டி. பட்டுக்கூட்டைத் தருமபுரி அங்காடிக்கும், விலை நன்றாக இருக்கும்போது திம்பம் வழியாக ராமநகரத்துக்கும் அதில்தான் கொண்டு போகிறார்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மகனும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். மூன்று ஸ்பார்க் பிளக், பிளக் வயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றைப் புதிதாக மாற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். அதுவரை மைலேஜ் மட்டும்தான் குறை. இப்போது ஐடிலில் வண்டி உதறுகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓரளவு சரியாகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் உதறல் குறைகிறது. இன்ஜினுக்கே ஆயுள் முடிந்துவிட்டது என்கிறார் ஒருவர். புது கார்பரேட்டர் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். இன்னும் பத்து நாளில் கூடு அறுவடை. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய அவசரம் புழு வளர்ப்பவர்களுக்குப் புரியும். கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து ஐந்து முதல் எட்டு நாளுக்குள் அறுவடை செய்து உடனே விற்றாக வேண்டும். நாள் தள்ளினால் எடை குறையும். இன்னும் தாமதித்தால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும், அந்தக் கூட்டை இழையாக நூற்க முடியாது. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் கூட்டு மூட்டைகளோடு வண்டி அணைந்து நின்றால் பண நஷ்டத்தோடு உயிருக்கும் ஆபத்து.

புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம்

பயிரில் இலை கருகியது என்று வருபவரிடம் வேளாண் அலுவலகத்தில் முதலில் கேட்பது, "கடைசியாக என்ன அடித்தீர்கள்? அதற்கு முன்னால் அந்தத் தெளிப்பானில் என்ன இருந்தது?" என்றுதான். 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கோ தக்காளிக்கோ மருந்து அடித்தால் இலை சுருங்கி உருமாறும். அதை வைரஸ் நோய் என்று நினைத்து மேலும் மருந்து அடித்தால் செலவுதான் மிஞ்சும்.

வண்டிக்கும் அதே கணக்குதான். அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன், "ஏனுங்க, கடைசியா எதுல கை வச்சீங்க?" என்று கேட்பார். சனிக்கிழமை வரை உதறாத இன்ஜினுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயுள் முடிந்துவிடாது. தொட்ட இடங்களில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். எனவே ஒரு தாளில் அன்று கழற்றியவை, மாட்டியவை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். கடைசியில் செய்ததில் தொடங்கிப் பின்னோக்கிச் சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கை ஒரே நாளில் மாற்றியதால்தான் எது காரணம் என்று இப்போது தெரியவில்லை.

எப்போது உதறுகிறது?

உதறும் நேரத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும்.

ஐடிலில் மட்டும் உதறி, வேகம் கூட்டினால் சரியானால், கார்பரேட்டருக்குக் கீழே எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது கார்பரேட்டரின் ஐடில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறது.

எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி உதறினால், மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மூன்றையும் பார்க்க வேண்டும்.

சமதரையில் நன்றாக ஓடி, பாரத்தோடு மேடேறும்போது மட்டும் திணறினால், தீப்பொறி பலவீனமாக இருக்கலாம், அல்லது பெட்ரோல் போதிய அளவு வராமல் இருக்கலாம். பிளக் இடைவெளியையும் பெட்ரோல் ஃபில்டரையும் பாருங்கள்.

வாசகர் எழுதியிருப்பது முதல் வகை. சோக் போட்டால் சரியாகிறது என்பது இன்னும் முக்கியமான துப்பு. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு. அப்போது சிறு ஓட்டை வழியாக நுழையும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். வேகமாக ஓடும்போது காற்று ஏராளமாகப் போவதால் அந்தக் கசிவு தெரிவதில்லை. சோக் இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோலின் பங்கு கூடுகிறது, கசிவு ஈடாகிறது. ஆகவே இவர் முதலில் பார்க்க வேண்டியது கார்பரேட்டரின் அடிப்பகுதியும் ரப்பர் குழாய்களும்தான்.

தொடங்கும் முன்

ஆம்னியில் இன்ஜின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. பெட்ரோல் கசிந்தால் ஆவி வண்டிக்குள்ளேயே தங்கும். அதனால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். புழு வளர்ப்பு மனைக்கு அருகிலும் இந்த வேலை வேண்டாம். பெட்ரோல் வாடையும் புகையும் புழுவுக்கு ஆகாது.

பார்க்க வேண்டிய வரிசை

1. ரப்பர் குழாய்கள்: இன்டேக் மேனிஃபோல்டு, கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றுக்கு இடையே போகும் சிறு குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கழன்றிருக்கிறதா, நுனி வெடித்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா? பழைய ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். ஒரு முறை பிடுங்கி மாட்டினாலே நுனி கிழியும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது "உஸ்" என்ற சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

2. கார்பரேட்டர் அடி கேஸ்கெட்: பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் காற்று கசியும். நட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். அது தீயை வரவழைக்கும் வேலை, ஒருபோதும் கூடாது. இணைப்பின் மேல் ஒரு துணியால் சில சொட்டுத் தண்ணீர் விட்டாலே போதும். அந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தண்ணீர் படக் கூடாது.

3. பிளக் வயர் வரிசை: இந்த 796 சிசி இன்ஜினில் தீப்பொறி 1-3-2 என்ற வரிசையில் வர வேண்டும். ஆனால் மூன்று சிலிண்டர் இன்ஜினில் இரண்டு வயர் இடம் மாறினால் ஒரு சிலிண்டர் மட்டுமே சரியாக எரியும். பெரும்பாலும் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அல்லது வெடிச் சத்தம் கேட்கும். வாசகரின் வண்டி ஓடுவதால் வயர் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. வயர் முழுதாக அழுந்தி உட்காராமல் இருக்கலாம், இரு முனையையும் அழுத்திப் பாருங்கள்.

4. வேலை செய்யாத சிலிண்டர் எது: இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜின் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இந்தச் சோதனை கூடாது. உதறல் முன்னைவிடக் கூடினால் அந்தச் சிலிண்டர் நன்றாக உள்ளது. எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் இன்ஜினில் கையால் வயரைப் பிடுங்கக் கூடாது, அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட்.

5. பிளக்கை மாற்றிப் போடுங்கள்: அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தால் பிளக் பழுது. நகராவிட்டால் வயரையும் மூடியையும் பாருங்கள். அதுவும் சரி என்றால் சிலிண்டரின் கம்ப்ரஷனை மெக்கானிக்கிடம் சோதிக்க வேண்டும். புதுப் பிளக் என்பதால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கீழே விழுந்து பீங்கான் கீறியிருந்தாலும் மிஸ்ஸிங் வரும்.

பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. ஆயில் படிந்திருந்தால் ரிங் அல்லது வால்வு பக்கம் தேய்மானம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். மாட்டும்போது சில சுற்று கையாலேயே சுற்றிவிட்டு, பிறகு ஸ்பேனர் போடுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை கெட்டால் செலவு பெரிது.

ஐடில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

வண்டி அணைகிறதே என்று பலரும் ஐடில் ஸ்க்ரூவை முடுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு நோயை மறைப்பது போல. கோளாறு அப்படியே இருக்கும், பெட்ரோல் செலவு கூடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரையே திருப்பியிருந்தாலோ, டைமிங் பெல்ட்டைத் தொட்டிருந்தாலோ, இன்ஜின் சூடேறினாலோ, உள்ளே தட்டும் சத்தம் கேட்டாலோ அத்தோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் போங்கள். எழுதி வைத்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். "நாங்கதானுங்க கழட்டினோம்" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். அதைச் சொன்னால் அவருக்கு அரை நாள் மிச்சம், உங்களுக்குக் கூலி மிச்சம். கார்பரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ வண்டிகளிலும் கேஸில் ஓடும் வண்டிகளிலும் வயரைக் கழற்றிப் பார்க்கும் சோதனை வேண்டாம்.

இதழ் அச்சுக்குப் போகும் முன் வாசகரிடமிருந்து தகவல் வந்தது. மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு சிறு ரப்பர் குழாய், கழற்றி மாட்டியபோது நுனியில் வெடித்திருந்தது. குழாயைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தது மகன்தான். ஒரு முழம் புது ஹோஸ் வாங்கி மாட்டியதும் உதறல் நின்றது. கார்பரேட்டர் வாங்க எடுத்து வைத்த பணம் அடுத்த பேட்ச் முட்டைத் தொகுதிக்கு ஆகட்டும் என்று எழுதியிருக்கிறார். கூடு ஏற்றும் முன், மூட்டை இல்லாமல் சத்தியமங்கலம் வரை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு கேள்வி: ஃபில்டர் மாற்றியதும் டிராக்டர் திணறுகிறது

அந்தியூர் பகுதி வாசகர் ஒருவர் தம் டிராக்டரில் டீசல் ஃபில்டரைத் தாமே மாற்றியிருக்கிறார். அதிலிருந்து இன்ஜின் விட்டு விட்டு ஓடி அணைகிறது.

இங்கும் கடைசியாகத் தொட்ட இடம்தான். ஃபில்டர் மாற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. டேங்கில் டீசல் போதிய அளவு இருக்கட்டும். முதல் ஃபில்டரின் மேலுள்ள காற்று நீக்கும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் முடுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு எரிபொருள் பம்ப் என இதே வரிசையில் செய்ய வேண்டும். பிறகும் காற்று வந்துகொண்டே இருந்தால் ஃபில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, அல்லது பழைய வளையமும் புதியதும் சேர்ந்து மாட்டப்பட்டிருக்கிறது.

இன்ஜெக்டரில் இருந்து பீய்ச்சும் டீசலில் கையை வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

வண்டி, மோட்டார் பற்றிக் கேள்வி அனுப்புவோர் மாடல், ஆண்டு, எரிபொருள், கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள், எந்த வேகத்தில் கோளாறு தெரிகிறது என்ற ஐந்தையும் மறக்காமல் எழுதுங்கள்.