வாசல் தேடி வந்த சிற்றுயிர்

இல்லறத்தான் நாள்தோறும் இயற்ற வேண்டிய வேள்விகள் ஐந்து என்று நம் சாத்திரங்கள் வகுத்துள்ளன. வேதம் ஓதுதல் பிரம்ம யக்ஞம். இறைவனை வழிபடுதல் தேவ யக்ஞம். நீத்தார் கடன் செலுத்துதல் பித்ரு யக்ஞம். விருந்தினரை உபசரித்தல் மனுஷ்ய யக்ஞம். எஞ்சிய பூத யக்ஞம், வாயில்லா உயிர்களுக்கு உணவளிப்பது. காக்கைக்குச் சோறு, பசுவுக்கு அகத்திக்கீரை, எறும்புக்கு அரிசிமாக் கோலம் என்று நம் முன்னோர் அதனை அன்றாட வாழ்விலேயே கலந்து வைத்தனர். எனினும், வாசலுக்கு வந்து போகும் உயிருக்கு ஒரு பிடி சோறு வைப்பது எளிது. ஓர் உயிரை வீட்டுக்குள் கொணர்ந்து அதன் முழுப் பொறுப்பையும் ஏற்பது எளிதன்று. அதனை மண்டபத்தூரில் ஒரு குடும்பம் துயரத்தோடு கற்றுக்கொண்டது.

காரைக்காலுக்கு வடக்கே கடலோரமாக அமைந்த சிற்றூர் மண்டபத்தூர். அங்கே மகன், மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஆகியோருடன் வாழ்ந்து வருகிறார் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. விடியற்காலையில் வரப்போரம் அருகம்புல் பறித்து வந்து பிள்ளையாருக்குச் சாத்துவதும், தாம் உண்ணுமுன் காக்கைக்குச் சோறு வைப்பதும் அவர் தவறவிடாத நியமங்கள். திருநள்ளாற்றை அடுத்து வாழ்வோருக்குச் சனீஸ்வரரின் வாகனமான காக்கை வெறும் பறவையாகத் தோன்றுவதில்லை.

தீபாவளி கழிந்த மறுவாரம், மகன் ஒரு கம்பிக் கூண்டுடன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாலில்லாத, உருண்டு திரண்ட இரண்டு சிறு பிராணிகள் ஒன்றையொன்று ஒட்டியபடி நடுங்கிக் கொண்டிருந்தன. ஒன்று பழுப்பும் வெள்ளையும் கலந்தது. மற்றொன்று முழுக் கறுப்பு.

“என்ன தம்பி இது? வீட்டுல இருக்கிற எலியை விரட்டவே நான் படாத பாடு படுறேன். நீ காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியே!” என்றார் மூதாட்டி.

“எலி இல்லம்மா, கினிப் பன்றி. பாப்பா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

பன்றி என்ற சொல் காதில் விழுந்ததும் மூதாட்டி எழுந்து சென்று பூஜையறைக் கதவைச் சாத்தினார்.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் உண்டு. அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த பக்கத்துத் தெருப் பெரியவர் அன்று மாலை கூண்டைப் பார்த்துச் சிரித்தார். பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘கொஷோன் தேந்த்’ என்று பெயராம்; ‘இந்தியப் பன்றி’ என்பது அதன் பொருள். உண்மையில் இது பன்றியும் அன்று. இந்தியாவில் தோன்றியதும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கிய, புல் தின்னும் கொறிவிலங்கு. தமிழில் இதனைச் ‘சீமைப் பெருச்சாளி’ என்று வழங்குவதுண்டு. பெரியவர் அந்தப் பெயரைச் சொன்னதும் பேத்தி பாட்டியை மடக்கினாள்.

“பிள்ளையார் மட்டும் பெருச்சாளி மேல ஏறி வரலாமா அப்பாயி? நம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் ஆகாதா?”

மூதாட்டியால் மறுமொழி கூற இயலவில்லை. அன்றிரவு பேத்தியை அருகில் அமர்த்தி, திருமறைக்காடு எனப்படும் வேதாரண்யத்துக் கதையைச் சொன்னார். சிவன் சந்நிதியில் ஒரு விளக்கு அணையும் நிலையில் இருந்தது. நெய்யை உண்ண வந்த எலி ஒன்றின் மூக்கு பட்டுத் திரி தூண்டப்பட, விளக்கு சுடர்விட்டு எரிந்தது. அறியாமல் செய்த அத்தொண்டுக்காக இறைவன் அந்த எலியை மறுபிறவியில் மூவுலகும் ஆளும் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறக்க அருளினான். அப்பர் பெருமான் தேவாரத்தில் போற்றிய வரலாறு இது. கதையைச் சொல்லி முடித்தபோது மூதாட்டியின் மனமும் சற்று இளகியிருந்தது.

மறுநாள் பிள்ளையாருக்குச் சாத்தியது போக எஞ்சிய அருகம்புல்லைக் கூண்டுக்குள் இட்டார். இரண்டும் ஒரே புல்லின் இருமுனைகளைப் பற்றித் தின்ற காட்சி அவரைச் சிரிக்க வைத்தது. ஒரு வாரம் கழிவதற்குள் அவருடைய காலடி ஓசையும் புல்லின் சலசலப்பும் கேட்ட மாத்திரத்தில் இரண்டும் ‘க்வீ, க்வீ’ என்று குரல் எழுப்பத் தொடங்கின. கணவர் மறைந்தபின் இத்தனை ஆவலுடன் தம் வரவை எதிர்பார்த்தவர் எவருமில்லை என்று மருமகளிடம் அவர் ஒருநாள் சொன்னார். மருமகள் பதில் கூறவில்லை; ஆனால் அன்று முதல் மாலைக் காப்பியை மாமியாரின் அருகில் அமர்ந்து அருந்தலானார்.

மார்கழி பிறந்தது. திருப்பள்ளியெழுச்சிக்குச் சென்று திரும்பும் மூதாட்டியின் கையில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருக்கும். வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிட்டபின், “இதுகளும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே” என்று இரண்டு விரலளவு கூண்டுக்குள்ளும் வைத்தார். கறுப்பு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. பழுப்பு ஆசையாகத் தின்றது. நான்காம் நாள் அதற்கு வயிறு கழிந்தது. சோர்ந்து மூலையில் படுத்தது. பேத்தியின் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்து வீட்டில் மீதியிருந்தது. மகன் அதில் சில சொட்டுகளை அதன் வாயில் விட்டார். பச்சிளங்குழந்தைக்கே கொடுக்கும் மருந்து, இதற்கு என்ன செய்துவிடும் என்பது அவர் எண்ணம்.

நிலைமை மோசமாயிற்று. கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோது மருத்துவர் பொறுமையாகக் கேட்டறிந்தார். பிறகு சொன்னார்: “அம்மா, புல்லைச் செரிக்கிறதுக்கு இதோட குடல்ல நல்ல நுண்ணுயிர்கள் இருக்கு. இனிப்பும் சோறும் அதைக் கெடுத்துடும். பெனிசிலின் வகை மருந்து அதை அழிச்சே போடும். நமக்கு உயிர் காக்கிற மருந்து, இதுக்கு விஷம்.”

பெனிசிலினின் ஆற்றலை 1940-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் சோதித்தபோது பயன்படுத்தியவை சுண்டெலிகள். அவற்றுக்குப் பதிலாகக் கினிப் பன்றிகளைத் தேர்ந்திருந்தால், இம்மருந்து நஞ்சென்றே ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பர். ஓர் உயிருக்கு அமுதமாவது மற்றோர் உயிருக்கு ஆலகாலமாவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பழுப்பு அன்றிரவு பேத்தியின் மடியிலேயே அடங்கியது. கொல்லையில் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். “நான் கொடுத்த பிரசாதம்தான் கொன்னுடுச்சு” என்று மூதாட்டியும், “நான் கொடுத்த மருந்துதான்” என்று மகனும் தனித்தனியே புழுங்கினார்கள். இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை. எதற்கு எது உணவு என்று கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம்தான் எழாமற்போனது.

எஞ்சிய கறுப்பு குரலெழுப்புவதை நிறுத்திவிட்டது. புல்லை இட்டால் பாதியை அப்படியே விட்டது. இவை கூட்டமாக வாழும் இயல்புடையவை; தனிமை இவற்றை வாட்டும். சுவிட்சர்லாந்து நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் கினிப் பன்றியைத் துணையின்றித் தனியே வளர்க்கலாகாது என்று சட்டமே உண்டு. அந்தச் சட்டம் மூதாட்டிக்குத் தெரியாது. ஆயினும் துணையை இழந்த உயிர் மூலையில் அமர்ந்திருப்பதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தயங்கியபடி தொடங்கினார். “அம்மா, இதைப் பார்த்துப் பார்த்துப் பாப்பாவும் அழுவுது. ஆத்தங்கரையில புல்லு நிறைய மண்டிக் கிடக்கு. கொண்டுபோய் விட்டுடுறேன். கூண்டுல கிடக்கிறதுக்கு அது சுதந்திரமா மேயும். நமக்கும் புண்ணியம்.”

மூதாட்டி காக்கைக்கு வைக்கவிருந்த சோற்றுருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

“நான் தினம் சோறு வைக்கிற இந்தக் காக்காவே அதைக் கொத்திக் கொன்னுடும், தம்பி. காக்கா மேல குத்தமில்ல, அது அதோட சாதி குணம். விட்ட நம்ம மேலதான் குத்தம். இதுக்கு ஓடத் தெரியுமா, ஒளியத் தெரியுமா? இது கேட்டா நம்ம வீட்டுக்கு வந்துச்சு?”

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மேலும் சொன்னார். “சுனாமி அன்னைக்கு உடுத்துன துணியோட மேற்கால ஓடினோமே, ஞாபகம் இருக்கா? முகம் தெரியாத ஒரு வீட்டுல கூப்பிட்டுத் திண்ணையில உட்கார வச்சுக் கஞ்சி ஊத்துனாங்க. பதினோரு நாள் இருந்தோம். ஒருநாள் கூட ‘எப்பக் கிளம்புறீங்க’ன்னு அவங்க கேக்கல. அடைக்கலம்னா அதுதான்.”

2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கடற்கரையெங்கும் கடல் ஏறியபோது மகன் இளைஞர். அவர் தலைகுனிந்தார். கூண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

மூதாட்டி அறத்தின் வழியே உணர்ந்ததை நாட்டின் சட்டமும் சொல்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வளர்க்கும் பிராணியைப் பசி தாகத்தால் துன்புறும் நிலையில் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றம். உயிர்களிடத்துக் கருணை காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று நமது அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவும் கூறுகிறது.

மனிதகுலம் இச்சிற்றுயிருக்குப் பட்டுள்ள கடன் வேறு உண்டு. நெடுந்தூரக் கடற்பயணம் செய்த மாலுமிகள் ஈறுகளில் குருதி கசிந்து மடிந்த ஸ்கர்வி நோய்க்குக் காரணம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ஆகிய இருவரும் தானியம் மட்டுமே உண்ட கினிப் பன்றிகளுக்கு அதே நோய் வருவதையும், பசுமையான உணவு அதனைத் தடுப்பதையும் கண்டனர். நம்மைப் போலவே வைட்டமின் சி சத்தைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி இது. அதனால்தான் நமக்காக அது நோயைச் சுமந்தது. ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை 1882-இல் உலகுக்கு அறிவித்த ஆய்விலும் இவை பலியாயின. ‘சோதனை எலி’ என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ உயிர்கள் உள்ளன.

தை பிறந்ததும் மருத்துவரின் உதவியுடன் காரைக்கால் நகரில் ஒரு வீட்டிலிருந்து வெள்ளை நிறத் துணை ஒன்று கிடைத்தது. குட்டிகள் பெருகிக் கவனிக்க இயலாமற்போகக் கூடாதென்று, இரண்டும் பெண்தானா என்று மருத்துவரே பார்த்து உறுதிசெய்தார். முதல் சில நாட்கள் இரண்டையும் அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்துப் பழக்கினார்கள். கறுப்பு மெல்லத் தீனி எடுத்தது.

இப்போது அந்த வீட்டில் முறைகள் மாறிவிட்டன. நாள் முழுவதும் கொறிக்கப் புல் இருக்கும்; வாழ்நாள் முழுதும் வளரும் அவற்றின் பற்கள் அதனால்தான் தேயும். வைட்டமின் சி சத்துக்காகக் கொத்தமல்லித் தழையும் குடைமிளகாய்த் துண்டும், எப்போதாவது சிறு கொய்யாத் துண்டும் உண்டு. பிரசாதம், பால், சோறு, வெங்காயம், உருளைக்கிழங்கு கிடையாது. சுவாமிக்குச் சாத்திய மாலையில் சந்தனமும் குங்குமமும் நாரும் இருக்குமாதலால் அதனையும் இடுவதில்லை. சாம்பிராணி போடும் வேளையில் கூண்டு புகையெட்டாத பின்கட்டுக்குச் செல்லும். சித்திரை வெயில் இவற்றால் தாங்க முடியாதது. அப்போது கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு தொங்கும், உள்ளே படுத்துக்கொள்ள ஒரு மண்சட்டி கவிழ்ந்திருக்கும். பேத்தி இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். தாளின் கடைசி வரியைச் சொல்லி எழுதச் செய்தவர் பாட்டி: ‘தெரியாததைக் கேட்டுச் செய்.’

பேரக் குழந்தைகள் ஒரு பிராணியை வாங்கித் தரும்படி கேட்கும்போது வீட்டுப் பெரியோர் உடனே மறுக்கவும் வேண்டாம்; உடனே இசையவும் வேண்டாம். இது ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். அத்தனை காலமும் அதற்குப் புல் பறிக்கும் கை எது, ஊருக்குச் செல்லும்போது யார் கவனிப்பார், நோயுற்றால் எந்த மருத்துவர் என்று குடும்பத்தினர் கூடி அமர்ந்து பேசட்டும். அந்தப் பேச்சும் பூத யக்ஞத்தின் ஒரு பகுதியே.

மண்டபத்தூர் மூதாட்டி இன்றும் விடியலில் அருகம்புல் பறிக்கிறார். முதற்பிடி பிள்ளையாருக்கு, அடுத்த பிடி கூண்டுக்கு. புல்லின் சலசலப்பு கேட்டதும் உள்ளிருந்து இரண்டு குரல்கள் எழுகின்றன. வேப்பமரத்தடியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அவர் உள்ளே செல்கிறார்.