பாலினக் கட்டத்தை யார் நிரப்புவது?

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பள்ளிகளில் நிரப்பப்படும் சேர்க்கைப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, சாதி, மதம், ஆதார் எண் ஆகியவற்றுக்கு இடையே 'பாலினம்' என்றொரு கட்டம் இருக்கிறது. நெடுங்காலம் ஆண், பெண் என்ற இரு சொற்களோடு முடிந்துவிட்ட அந்தக் கட்டத்தில், இப்போது மூன்றாவது வாய்ப்பு ஒன்றும் இடம்பெறுகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 'யுடைஸ் பிளஸ்' தரவுத்தளத்திலும் ஆதார் பதிவுப் படிவத்திலும் இதே மூன்று வாய்ப்புகள்தான்.

பெரும்பாலான பெற்றோர் அந்தக் கட்டத்தை ஒரு நொடியில் கடந்துவிடுகின்றனர். கடக்க முடியாதவர்கள் இரு வகையினர். 'சின்னப் பிள்ளையின் படிவத்தில் இந்தக் கேள்வி எதற்கு?' என்று கவலைப்படுபவர்கள் ஒரு வகை. தங்கள் பிள்ளை அந்தக் கட்டத்தில் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் மற்றொரு வகை. பொதுவெளி விவாதங்களில் முதல் வகையினரின் குரல் மட்டுமே உரக்கக் கேட்கிறது. இரண்டாம் வகையினரும் பெற்றோரே என்பது மறந்துபோகிறது.

இக்கவலையைப் பிற்போக்குத்தனம் என்று ஒதுக்குவது எளிது. பண்பாட்டின் மீதான படையெடுப்பு என்று கொதிப்பதும் எளிது. இரண்டுமே படிவத்தைப் படித்துப் பார்க்காமல் எடுக்கும் நிலைப்பாடுகள். அந்தக் கட்டத்தை நிரப்புவது யார், எந்தச் சூழலில் நிரப்புகிறார், நிரப்பிய விவரம் எங்கே போய்ச் சேருகிறது என்பவையே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

போடிநாயக்கனூரையும் அதன் மேலுள்ள ஏல மலைச் சரிவுகளையும் எடுத்துக்கொள்வோம். பொழுது புலரும் முன்பே போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்பவர்களில் பெண்களே மிகுதி. தென்மேற்குப் பருவமழையோடு தோட்ட வேலை சூடுபிடிக்கும் மாதங்களில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்து நிரப்புவது இந்தத் தாய்மார்களுக்குக் கைகூடாத காரியம். தலைமை ஆசிரியரோ, வகுப்பாசிரியரோ, பக்கத்து வீட்டில் படித்த ஒருவரோ நிரப்பித் தர, பெற்றோர் கையொப்பமோ கைநாட்டோ இடுவதுதான் இத்தகைய ஊர்களில் நடைமுறை. பெற்றோரின் ஒப்புதல் என்று சட்டம் சொல்வதற்கும், நடைமுறையில் அது பெறப்படும் விதத்துக்கும் இடையே மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இந்த எல்லைப் பகுதிக்கு உண்டு. இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் சில ஆண்டுகள் கேரளப் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு பாட்டி வீட்டில் தங்கிப் போடியில் படிப்பைத் தொடர்வது வழக்கம். இரு மாநிலங்களின் சான்றிதழ்களிலும் ஆதாரிலும் பெயரின் ஓர் எழுத்து மாறினாலே அலைச்சல்தான். மாணவர்களுக்கான 'அபார்' எண்ணை உருவாக்கும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவை ஆதாருடன் ஒத்துப்போக வேண்டும். பாலினக் கட்டத்தில் தவறுதலாக விழும் ஒரு குறிகூடக் கூலிக் குடும்பத்தைப் பல நாள் அலையவைக்கும். படிவத்தைக் கண்டு பெற்றோர் அஞ்சுவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

இந்தக் கட்டம் திடீரென்று எங்கிருந்தோ வந்து குதித்ததல்ல. தமிழகம் 2008இலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். 2014 ஏப்ரல் 15 அன்று 'நால்சா' வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்ட உரிமையாக ஏற்றது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்குத் தமிழகம் வகுத்த 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' பட்டியலில், ஆதரவற்ற குழந்தைகளோடும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடும் திருநர் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். படிவத்தில் இடமே இல்லையென்றால் இந்த உரிமையை எந்தக் குழந்தை கோர முடியும்?

பள்ளிகளைப் பொறுத்தவரை முக்கியமானது, 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு இளம்பெண்களின் வழக்கு அது. தீர்ப்பு எழுதும் முன் நீதிபதி தாமே உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து பாடம் கேட்டது அப்போது பெரிதும் பேசப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கு அந்த உத்தரவு சொன்னவற்றில் கவனிக்கத்தக்கது, பெற்றோர்-ஆசிரியர் கழகங்கள் வாயிலாகப் பெற்றோரிடம் புரிதலை ஏற்படுத்த வேண்டும் என்பது. கல்விச் சான்றுகளில் பெயரையும் பாலினத்தையும் திருத்த வழிசெய்வது, விண்ணப்பங்களில் திருநர் என்ற வாய்ப்பைச் சேர்ப்பது, ஆலோசகர்களை நியமிப்பது ஆகியவையும் அதில் இருந்தன. படிவத்தை மாற்றுவது நடந்துகொண்டிருக்கிறது. பெற்றோரிடம் பேசுவதுதான் நடக்கவில்லை.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டிலேயே சான்று கிடைத்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் உள்ளடக்குவது குறித்து ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி தயாரித்த பயிற்சிக் கையேடு, தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபம் தெரிவித்த சில நாள்களிலேயே, 2021 நவம்பரில் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. கேரளத்தில் பாலின வேறுபாடற்ற சீருடை, வகுப்பறை இருக்கை ஆகியவற்றின் மீது 2022இல் எழுந்த எதிர்ப்பால், எதையும் திணிக்கமாட்டோம் என்று அரசு விளக்கமளிக்க நேர்ந்தது. பெற்றோரை அழைத்துப் பேசாமல் கொண்டுவரப்படும் எந்த மாற்றமும் முதல் எதிர்ப்பிலேயே ஆட்டம் காணும். அதனால் இழப்பு யாருக்கு என்றால், அம்மாற்றத்தை நம்பியிருந்த குழந்தைக்குத்தான்.

பெற்றோரின் அச்சங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, இக்கேள்வியே குழந்தையின் மனதில் குழப்பத்தை விதைக்கும் என்பது. சேர்க்கைப் படிவத்தை நிரப்புவது பெற்றோரேயன்றிக் குழந்தை அல்ல என்பதால், ஒரு கட்டம் குழந்தையை மாற்றிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அந்தக் கட்டம் இல்லாத காலத்திலும் திருநங்கையரும் திருநம்பியரும் நம் ஊர்களில் பிறந்தே வந்தனர். அதேசமயம், வகுப்பறையில் எழுப்பி நிறுத்தி, 'நீ இதில் எது?' என்று ஒரு குழந்தையைக் கேட்பது முற்றிலும் வேறு. அது நிகழக் கூடாது என்று பெற்றோர் கோருவது முழுக்க நியாயமே. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலின அடையாளம் குறித்த கேள்வி 16 வயது நிரம்பியவர்களிடம் மட்டுமே, அதுவும் விருப்பமிருந்தால் விடையளிக்கலாம் என்ற முறையில்தான் கேட்கப்பட்டது.

இரண்டாவது, பெற்றோருக்குத் தெரியாமல் பள்ளி ஏதேனும் எழுதிவிடும் என்பது. உலகெங்கும் நீதிமன்றங்களையும் சட்டமன்றங்களையும் பிளக்கும் கேள்வி இது. கனடாவின் சஸ்காட்செவான் மாகாணம், 16 வயதுக்குட்பட்ட மாணவர் பள்ளியில் பெயரையோ பாலினச் சுட்டையோ மாற்றப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று 2023இல் சட்டமியற்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவோ, மாணவரின் ஒப்புதலின்றிப் பெற்றோரிடம் தெரிவிக்குமாறு ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024இல் சட்டமியற்றியது. ஜெர்மனி நடுவழியைத் தேர்ந்தது: 14 வயதுக்குட்பட்டோருக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், 14 வயதுக்கு மேற்பட்ட சிறார் பெற்றோர் ஒப்புதலுடன் தாமே விண்ணப்பிக்கலாம், பெற்றோர் மறுத்தால் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்யும்.

இந்தியாவில் 2019இல் நிறைவேற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரை ஒதுக்கவில்லை. 18 வயதுக்குட்பட்டவருக்கு அடையாளச் சான்று வேண்டி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமோ காப்பாளரிடமோதான் அது அளித்தது. திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும், நீதிமன்ற உத்தரவின்றி, பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் கூறியது. ஆக, பள்ளி தன் விருப்பப்படி ஒரு குழந்தையின் சட்டபூர்வப் பாலினத்தை மாற்றிவிடும் என்ற அச்சத்துக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ஆனால், எல்லா வீடும் பாதுகாப்பான வீடல்ல என்பதும் உண்மை. ஆசிரியரிடம் ஒரு மாணவர் மனம் திறந்து சொன்னதை, அடியும் உதையும் காத்திருக்கும் வீட்டுக்கு அப்படியே அனுப்பிவைப்பது ஆசிரியரின் கடமையாக இருக்க முடியாது. ஆலோசகர் துணையோடு குடும்பத்தை ஆயத்தப்படுத்திய பின் பேசுவதே முறை.

மூன்றாவது, எழுதியது நிலைத்துவிடும் என்பது. மூன்றில் மிக வலுவான அச்சம் இதுவே. 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' பிரிவில் நாடு முழுவதும் 4,87,803 பேர் பதிவாயினர். தமிழகத்தில் 22,364 பேர். இவர்களில் 54,854 பேர் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். அக்குழந்தைகளின் விவரத்தைச் சொன்னவர்கள் வீட்டுப் பெரியவர்களாகத்தான் இருக்க முடியும். அவர்கள் எந்தப் பொருளில் சொன்னார்கள், கணக்கெடுப்பாளர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது எண்ணிக்கையிலிருந்து தெரிவதில்லை. பிறப்புறுப்பு அமைப்பில் வேறுபாட்டுடன் பிறந்த ஊடுபால் குழந்தையும், வளரும்போது தன் பாலினத்தை வேறாக உணரும் குழந்தையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைப்பது படிவத்தின் குறை. இத்தகைய சொற்களுக்கான கலைச்சொல் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டும், பள்ளிப் படிவங்களில் 'மற்றவர்' என்ற சொல்லே தொடர்வது பொருத்தமற்றது.

பதிந்த விவரம் மாறாவிட்டால் என்னாகும் என்பதற்குப் பிரித்திகா யாஷினியின் போராட்டமே சாட்சி. உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் அளித்த விண்ணப்பம், சான்றிதழ்களில் இருந்த பழைய பெயருடன் பொருந்தவில்லை என்ற காரணத்தால் முதலில் நிராகரிக்கப்பட்டது. 2015இல் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே அவருக்கு வழி திறந்தது. பள்ளிப் பதிவேட்டில் திருத்தம் எளிதாக இருந்தால் ஒவ்வொருவரும் உயர்நீதிமன்றத்தின் படியேற வேண்டியதில்லை.

இதற்கு வழிகாட்டி வெளிநாட்டில் இல்லை, தமிழகத்திலேயே இருக்கிறது. பள்ளிப் படிவத்தின் மிகக் கூர்மையான கட்டம் சாதி, மதம் பற்றியதுதான். சலுகை பெற அந்தக் கட்டம் தேவை. ஆனால் விரும்பாத பெற்றோரை அதை நிரப்பும்படி வற்புறுத்தக் கூடாது என்று 1973இலும் 2000த்திலும் அரசாணைகள் வெளியிடப்பட்டன. உரிமை கோருபவருக்குக் கட்டம் உண்டு, விரும்பாதவருக்குக் கட்டாயமில்லை என்ற அந்தப் பக்குவம் பாலின அடையாளத்துக்கும் பொருந்தும்.

அதன்படி, பிறப்புச் சான்றிதழிலுள்ள விவரமும் பாலின அடையாளமும் படிவத்தில் தனித்தனியே இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி விருப்பத்துக்குரியதாக, தொடக்கப் பள்ளியில் பெற்றோர் மட்டுமே விரும்பினால் தெரிவிப்பதாக இருக்க வேண்டும். வளரிளம் பருவத்தில் மாணவரின் சொல்லுக்கும் இடம் வேண்டும். அந்த விவரம் வருகைப் பதிவேட்டிலோ அறிவிப்புப் பலகையிலோ தெரியக் கூடாது. யார் பார்க்கலாம் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்கிறது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரசுச் சேவைகளுக்கு அதில் விலக்குகள் இருப்பினும், பள்ளிகள் அந்த நெறியைத் தாமே கடைப்பிடிக்கத் தடையில்லை. பிழை நேர்ந்தால் தலைமை ஆசிரியர் அளவிலேயே குறித்த நாள்களுக்குள் திருத்தவும் வழி வேண்டும்.

இவற்றைப் பேசுவதற்கான மேடையும் தயாராகவே உள்ளது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். போடி போன்ற ஊர்களில் அக்கூட்டத்தைத் தோட்ட வேலை இல்லாத நாளில் கூட்டினாலே வேண்டிய தாய்மார்கள் வருவார்கள். படிவத்தைக் கையில் கொடுத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் காட்டினால் பாதி அச்சம் அங்கேயே தீரும்.

2011 கணக்கெடுப்பின்படி 'மற்றவர்' பிரிவினரின் எழுத்தறிவு 56 சதவீதம். நாட்டின் பொது விகிதமோ 73 சதவீதம். இந்த இடைவெளி, பள்ளியை விட்டு விலகியவர்களும் விலக்கப்பட்டவர்களும் விட்டுச்சென்ற வெற்றிடம். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தாயின் கைபிடித்துப் பள்ளி வாசலுக்கு வந்த பிள்ளைகளே. பெற்றோரின் கவலைக்கு மதிப்பளிப்பது என்பது அந்தத் தாயின் கவலையையும் சேர்த்துத்தான். பிள்ளையை வீட்டிலும் பள்ளியிலும் தக்கவைக்கும் படிவமே நல்ல படிவம். அதை வகுக்கும் பொறுப்பு கல்வித் துறையுடையது. கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருடையது.