தருமபுரிக்கு வேண்டியது 90 ஆட்டங்கள்

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ லீக் கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம். மினர்வா பஞ்சாபிடம் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டது சென்னை சிட்டி அணி. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே சென்னை சிட்டி தோற்றிருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி ஒரு பெனால்டியும், தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடிக்க, 3-1 என்று ஆட்டம் முடிந்தது. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்த சென்னை சிட்டி ஒரே ஒரு புள்ளியில் முந்திக்கொண்டது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை, இன்றுவரை கடைசி முறையும் அதுவே. இரண்டே ஆண்டுகளில், 2021 சீசனில், அதே அணி கடைசி ஐந்து அணிகளின் பிரிவில் கிடந்தது. அடுத்த சீசனுக்கு உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்று லீகிலிருந்தே நீக்கப்பட்டது. நாட்டின் இரண்டாம் தட்டு லீகான ஐ லீகில் அதன் பிறகு தமிழ்நாட்டு அணி கிடையாது. சொந்தமாகத் தொழில்முறை அணி இல்லாத தருமபுரி மாவட்டம் இதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த அணி எதன்மேல் நின்றதோ, எதன்மேல் நிற்கவில்லையோ, அதில் இந்த மாவட்டத்துக்கும் பங்கு இருக்கிறது.

அந்த சீசனின் சாதனையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைத் தரையில் வைத்து ஆடும் அணியைக் கட்டினார். ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களோடு எட்வின் சிட்னி, அலெக்சாண்டர் ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களும் களத்தில் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆனால் அணியின் பெயர் சென்னை, ஆடியது கோவையில். 2016 டிசம்பரில் அது ஐ லீகுக்குள் வந்ததும் கீழ் லீகுகளில் ஏறி அல்ல, நேரடி அனுமதியில். பெயர் ஓர் ஊர், மைதானம் வேறோர் ஊர், கீழே தாங்க ஒரு லீக் இல்லை. இப்படிப்பட்ட அணி வாடகை வீட்டுக்காரர் போல. வாடகை தரும்வரை விளக்கு எரியும். 2020 ஜனவரியில், முந்தைய சீசனில் 21 கோல் அடித்த மான்சி ஜப்பானுக்குப் போனார். போன இடம் அங்குள்ள இரண்டாம் தட்டுதான். அவர் இடத்தை நிரப்பத் தமிழ்நாட்டில் வரிசையில் யாரும் காத்திருக்கவில்லை.

அணியின் அழிவுக்குக் காரணம் டெல்லியில் இருக்கிறது, மாவட்டத்தில் இல்லை என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. சென்னை சிட்டி பட்டம் வென்ற ஆண்டிலேயே இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் தட்டு லீக் என்று முடிவாயிற்று. சாம்பியனுக்கு மேலே ஏற வழி இல்லை. 2022-23 சீசனில்தான் ஐ லீக் சாம்பியனுக்குப் பதவி உயர்வு வந்தது, அதில் ஏறிய முதல் அணி பஞ்சாப். கதவைச் சாத்திவிட்டு ஏணியில் ஏறச் சொன்னது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். அந்தப் பழியை அது ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதே சாத்திய கதவின் முன் நின்றது கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவும். 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வென்றும் அதற்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அந்த அணி கலைந்துபோகவில்லை. பெண்கள் அணி வைத்துத் தேசியப் பட்டங்களும் வென்றது. மலபாரில் கால்பந்து பார்க்கக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை, கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே அநியாயம் இரண்டு அணிகளுக்கு நேர்ந்தது. ஒன்று தாங்கியது, ஒன்று தாங்கவில்லை. வித்தியாசம் டெல்லியில் இல்லை.

2017இல் ஐ லீக் வென்ற ஐசாலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முந்தைய சீசனில் கீழிறக்கப்பட்டு, கோவா அணிகள் விலகியதால் மறுபடி சேர்க்கப்பட்ட அணி அது. 37 புள்ளிகளோடு மோகன் பகானை ஒரு புள்ளியில் வென்றது. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் மாநிலம் முழுவதும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 11 லட்சம். தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம். அதாவது பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எல்லாம் சேர்ந்த நம் ஒரு மாவட்டத்தைவிடச் சிறிய மாநிலம், மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் பின்னுக்குத் தள்ளியது. 2012இல் அங்கே மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கினார்கள். 2014இல் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை மிசோரம் வென்றது. மூன்று ஆண்டுகள் கழித்து ஐ லீக். சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை ஐ.எஸ்.எல். வென்றபோது முன்வரிசையில் ஆடிய ஜெஜே லால்பெக்லுவாவும் மிசோரம்காரர்தான். நம் தலைநகரின் அணிக்கு முன்னணி ஆட்டக்காரரை அந்த மலை மாநிலத்திலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது.

மிசோரத்தின் ரத்தத்திலேயே கால்பந்து இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பார்கள். ரத்தத்தைக் காரணம் காட்டுவது எப்போதுமே சோம்பேறி வாதம். பெங்களூரு அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் தமிழர்கள் நிறைந்த பகுதி. அங்கே பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்கும் பேக்கரி வேலைக்கும் பஸ் ஏறுகிற இளைஞர்கள் இறங்குகிற அதே நகரம். அங்கே உள்ளூர் லீக் பல பதிற்றாண்டுகளாக நடக்கிறது, எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் அணி வைத்திருந்தன. 2013இல் ஆரம்பித்த பெங்களூரு எஃப்.சி. முதல் சீசனிலேயே ஐ லீக் வென்றதற்குப் பணம் ஒரு காரணம். பணத்துக்கு முன்பே பார்வையாளர்கள் அங்கே இருந்தது இன்னொரு காரணம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பெண்கள் கால்பந்தைப் பாருங்கள். தமிழ்நாடு 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். கடலூர் செய்ததைத் தருமபுரி செய்ய முடியாது என்பதற்கு ரத்தத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

இங்கே இல்லாதது தொடர்ச்சியான ஆட்டம். நம் பக்கம் கால்பந்து என்றால் பெரும்பாலும் பொங்கலுக்கோ தலைவர் பிறந்தநாளுக்கோ நடக்கும் நாக்-அவுட் டோர்னமென்ட். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். அதில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். 17 வயதுப் பையன் ஒருவன் ஓராண்டு பயிற்சி செய்து அறுபது, எழுபது நிமிடம் ஆடினால் எதைக் கற்பான்? முதலமைச்சர் கோப்பை நல்ல முயற்சி, ஏராளமான பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் மாவட்டச் சுற்று சில நாட்களில் முடிந்துவிடுகிறது. மாறாக, பத்து அணிகள் ஒன்றோடொன்று இரு முறை மோதினால் 90 ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் 18. தோற்ற அணி அடுத்த ஞாயிறு மறுபடி வரும். நடுவர் பழகுவார், பார்வையாளர் பழகுவார், டீக்கடையில் புள்ளிப் பட்டியல் பேச்சாகும். இதற்குப் புதிய ஸ்டேடியம் தேவையில்லை. மாவட்ட விளையாட்டரங்கம், கல்லூரி, பள்ளி மைதானங்கள் போதும். செலவு என்று பார்த்தால் நடுவர் படி, பந்து, சுண்ணாம்பு, முதலுதவி, பஸ் கட்டணம். மாவட்டத்தின் எந்த ஊரிலிருந்தும் தருமபுரிக்கு வந்து அன்றே திரும்பிவிடலாம்.

கிரிக்கெட்டில் இதைத்தான் செய்கிறார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன், சென்னை லீகின் கீழ்ப் பிரிவிலிருந்து படிப்படியாக ஏறி, 2020இல் இந்திய அணிக்குப் பந்து வீசினார். அவரது திறமையோடு, ஏறுவதற்குப் படிகளும் இருந்தன. கால்பந்தில் சின்னப்பம்பட்டிக்காரன் ஒருவன் இருந்தால் அவனுக்கு அடுத்த படி எது? பதில் சொல்லத் தமிழ்நாடு கால்பந்து சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கடமைப்பட்டவை.

குடிநீரும் வேலையும் இல்லாத மாவட்டத்துக்குப் பந்தா என்று கேட்பவர்களின் கோபம் புரிகிறது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்காக இந்த மாவட்டம் காத்திருந்த காலம் சாதாரணமானதல்ல. ஆனால் 90 ஆட்டத்தின் செலவை மிச்சம் பிடித்து எந்தக் கிராமத்துக்கும் குழாய் போட்டுவிட முடியாது. வேலையைப் பற்றிக் கேட்டால், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தேவைப்படும் தகுதியை ஒருநாள் டோர்னமென்ட் கோப்பை தராது. மாவட்ட லீகிலிருந்து மாநில அணிக்குப் போனவர்தான் அதை எட்ட முடியும். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே திருமணப் பேச்சு எழுகிற வீடுகள் இங்கே உண்டு. ஞாயிறுதோறும் ஆட்டம் இருக்கிற பெண்ணின் வீட்டில் அந்தப் பேச்சு சற்றுத் தள்ளிப் போகக்கூடும்.

ஆகவே அரசுக்கும் தமிழ்நாடு கால்பந்து சங்கத்துக்கும் நம் கோரிக்கை, இன்னொரு சென்னை சிட்டியை வாங்கித் தருவது அல்ல. மாவட்டத்துக்கு ஒரு லீக், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. நான்கைந்து மாத அட்டவணை முன்கூட்டியே அச்சாகி வர வேண்டும். மாவட்டச் சாம்பியன்கள் மோதும் மாநில லீக் ஒன்று அதன் மேல். அதில் ஜெயிக்கிற அணிக்கு ஐ லீகின் கீழ்ப் பிரிவில் நுழைய உரிமக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் அரசு உதவி. இந்தப் பட்டியலில் முதல் வேலைக்குச் சட்டம் வேண்டாம், டெல்லியின் அனுமதி வேண்டாம். மாவட்ட ஆட்சியரும் விளையாட்டு அலுவலரும் சங்கத்து ஆட்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். பருவமழை முடிந்து ஜனவரியில் தரை காய்ந்துவிடும். பங்கேற்கும் அணிகளின் பெயர்களையும் ஆட்ட நாட்களையும் அதற்கு முன்பே வெளியிட்டாக வேண்டும்.