நாட்டுக்கு ஓர் ஆய்வகம் போதாது

சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்துக்கும் ஊக்கமருந்துக்கும் என்ன சம்பந்தம்? 2007-இல் உருவான சேலம் ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம் இங்குதான். சேலம், நாமக்கல் கிராமங்களில் ஓடியும் தாண்டியும் பழகும் பிள்ளைகள் பலரின் கண் ரயில்வே, போலீஸ், ராணுவத்தில் கிடைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைமேல். ஒரு பதக்கம் குடும்பத்தையே கரையேற்றும் என்றால், ஊசியோடு வருகிறவன் பேச்சு எடுபடத்தான் செய்யும்.

2024-இல் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை 7,113 மாதிரிகளைச் சோதித்தது, 260 சிக்கின. நூற்றுக்கு 3.6. பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே அதிக விகிதம். செய்தி வரும்போதெல்லாம் ஓடியவரைத் திட்டுகிறோம். சோதிப்பவரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அவர் ஒரு வேதியியலாளர். நாண்ட்ரோலோன் மருந்தின் எச்சம் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் சில நானோகிராம் இருந்தாலே அவர் கண்டுபிடித்தாக வேண்டும். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. டெஸ்டோஸ்டிரோன் இன்னும் கடினம். அது உடம்பிலேயே சுரக்கிறது. ஆனால் சோயா போன்ற தாவரங்களிலிருந்து செய்யப்படும் செயற்கை டெஸ்டோஸ்டிரோனில் கார்பன்-13 அணுக்கள் சற்றுக் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தை நிறமாலைமானியில் அளந்து, உள்ளே சுரந்ததா, வெளியிலிருந்து ஏற்றியதா என்று சொல்கிறார்கள். அந்த ஒரு முடிவில் ஒருவரின் நான்கு வருட வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

முடிவு சரியாக இருந்தால் போதாது, நேரத்துக்கும் வர வேண்டும். திருச்சி மாவட்டத்து கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார், தமிழ்நாடே கொண்டாடியது. அதற்கு முந்தைய மாதம் பாட்டியாலாவில் கொடுத்த மாதிரியிலேயே நாண்ட்ரோலோன் இருந்தது பிறகுதான் தெரிந்தது. பதக்கம் போனது, நான்கு ஆண்டுத் தடை வந்தது. முடிவு முன்பே வந்திருந்தால் அவர் தோஹாவுக்குப் புறப்பட்டிருக்கவே மாட்டார்.

அதே 2019 ஆகஸ்டில், தரக் குறைபாடுகளுக்காக டெல்லி தேசிய ஊக்கமருந்து பரிசோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. நாட்டில் அங்கீகாரம் பெற்றிருந்தது அது ஒன்றுதான். அங்கீகாரம் திரும்பியது 2021 டிசம்பரில். அதுவரை நம் வீரர்களின் சிறுநீர் விமானமேறி வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போனது.

இந்தத் துறையின் வலிமை கருவியைவிட ஆளைப் பொறுத்தது. ஜெர்மானியரான மான்ஃபிரெட் டோனிக்கே டூர் டி பிரான்ஸில் சைக்கிள் ஓட்டியவர், பிறகு வேதியியலாளரானார். 1983-இல் கராகஸ் நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் அவரது சோதனை முறை வீரர்களைச் சிக்கவைக்கத் தொடங்கியதும், அமெரிக்க வீரர்கள் பலர் களமிறங்காமலே ஊர் திரும்பினார்கள். மாஸ்கோ ஊக்கமருந்து பரிசோதனை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த கிரிகோரி ரோட்சென்கோவும் வேதியியலாளர்தான். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சுவரில் துளை போட்டு, இரவோடு இரவாக ரஷ்ய வீரர்களின் மாதிரியை மாற்றியதை 2016-இல் அவரே வெளியே சொன்னார். ஒருவர் விளையாட்டைக் காத்தார், இன்னொருவர் விற்றார். இருவரும் படித்தது ஒரே பாடம்.

அங்கீகாரம் பெறும் ஆய்வகம் ஆண்டுக்குக் குறைந்தது 3,000 மாதிரிகளையாவது சோதிக்க வேண்டும் என்பது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதி. இந்தியா ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது ஆய்வகத்துக்கு வேலை இருக்கிறது. ஆட்களும் இருக்கிறார்கள்: சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம், அங்கும் மற்றக் கல்லூரிகளிலும் வருடந்தோறும் எம்.எஸ்சி. வேதியியல் முடிப்பவர்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதைச் சொல்வாரில்லை.

சென்னைக்கு ஒரு பரிசோதனை ஆய்வகம் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டும். விளையாட்டு அமைப்புகளின் தலையீடு இல்லாத நிர்வாகமும், வேதியியல் துறைகளில் இதற்கான சிறப்புப் பயிற்சியும் அதோடு சேர்ந்தே வர வேண்டும்.